மேடையில் இரண்டாவது ஆள்

அவர் குடித்ததில்லை, திருடியதில்லை, சிறைப் பக்கமே போனதில்லை. ஆனாலும், "நான் குடிகாரனாக இருந்தேன், கடையை உடைத்தேன், கட்டிய மனைவியை அடித்தேன்" என்று மைக்கில் எத்தனையோ மாலைகள் அழுதிருக்கிறார். முன்வரிசையில் இருக்கும் அவர் மனைவியைப் புதிதாக வந்தவர்கள் இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

பகலில் மருந்துக் கம்பெனி வேலை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் எச்சரிக்கைத் தாளை நம் மொழியில் எழுதுவார். மாலையில், வெளிநாட்டிலிருந்து வரும் பிரசங்கியார்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அவர்கள் கை தூக்கினால் இவரும் தூக்குவார், விம்மினால் விம்முவார். ஆக, அவருடைய வாய் பலமுறை இரட்சிக்கப்பட்டாயிற்று. வாய்க்குச் சொந்தக்காரர்தான் கரையிலேயே நின்றார்.

"ஊரையெல்லாம் கூப்பிடுறீங்களே, நீங்க எப்பங்க வருவீங்க?" என்பார் மனைவி.

"நான் கீழ இறங்கிட்டா அவருக்கு வாய் யாரு?"

"பரலோகத்துக்குத் தனியாப் போக எனக்குப் பிடிக்கல."

"அங்கயும் மொழிபெயர்க்க ஆள் வேணும். எப்படியும் கூப்பிடுவாங்க, கவலைப்படாத."

மனைவி சிரிக்கமாட்டார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு நகைச்சுவை கிடையாது.

ஒரு மாலை, பிரசங்கத்தின் முடிவில் பிரசங்கியார் கூட்டத்தை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

"சகோதரரே, உங்களுக்கு இந்த இரட்சிப்பு வேண்டாமா?"

பழக்கம் பொல்லாதது. இவர் கூட்டத்தைப் பார்த்து, "சகோதரரே, உங்களுக்கு இந்த இரட்சிப்பு வேண்டாமா?" என்றார். சிலர் எழுந்து முன்னால் வந்தார்கள்.

"அவர்களை அல்ல, உங்களைத்தான் கேட்கிறேன்."

"அவர்களை அல்ல, உங்களைத்தான் கேட்கிறேன்!" இந்த முறை குரல் தழுதழுத்தது. அடுத்த ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அதுவரை நிம்மதியாக இருந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். அந்த வாரத்திலேயே அப்படியோர் அறுவடை இல்லை.

பிரசங்கியார் இவர் தோளில் கை வைத்தார். அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. பேசாததை எப்படி மொழிபெயர்ப்பது? முன்வரிசையில் மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்கு வேணும்," என்றார் இவர். "கேக்கத்தான் பயமா இருக்கு."

மேடைத் தமிழ் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஒரு வார்த்தையும் புரியாத பிரசங்கியார், "அல்லேலூயா" என்றார். கூட்டம் "ஆமென்" என்றது.

கூட்ட ஏற்பாட்டாளர் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "கடைசியா ஒண்ணு சொன்னாரே பிரசங்கியார், அபாரம். நீங்களும் அதை அப்படியே இறக்கிட்டீங்க, அண்ணே."

"ஏதோ, அவர் கிருபை," என்றார் இவர்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி கேட்டார்: "அப்ப அவர் வாயே திறக்கலையே?"

"கவனிச்சியா?"

"இத்தனை வருஷமா வேற எதைக் கவனிச்சேன்? இன்னொரு தடவை சொல்லுங்க. மைக் இல்லாம."

தெருவில் நின்று சொன்னார். மிகவும் மெதுவாக. குறைந்தது இரண்டு பேருக்காவது கேட்டிருக்கும் என்கிறார் மனைவி.