வரிசைக்கு வந்த மரைக்கார்

பெற்றோலுக்கு நாடே காத்துக் கிடந்த காலம். கல்முனையில் பெற்றோல் அடிக்கிற எண்ணெய் செட்டுக்கு முன்னால் தொடங்கிய மோட்டார் சைக்கிள் வரிசை கடற்கரை வரைக்கும் போயிருந்தது. விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு வந்ததால் எனக்கு முன்பக்கமாகவே இடம் கிடைத்தது. நான் தமிழ் டீச்சர். ஸ்கூட்டி சீட்டில் கொப்பிகளை அடுக்கித் திருத்திக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் வரிப்பத்தான்சேனை விவசாயி ஒருவர். வயலுக்குப் போக வழியில்லாமல் இரண்டு நாளாக பைக்கைத் தள்ளிக்கொண்டு திரிகிற மனுஷன்.

பத்து மணிபோல எங்கள் பள்ளிவாசல் மரைக்கார் வந்தார். தன் தாய்வழிக் குடியின் சார்பில் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர். நல்லவர்தான், ஆனால் எங்கே போனாலும் முன் கதிரையில் இருந்தே பழகிவிட்டார். பைக்கை நேரே பம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மரைக்கார், வரிசை அங்கால இரிக்கி," என்றார் விவசாயி.

"எனக்கு ஊருக்குள்ள ஒரு வரிசை இரிக்கி தம்பி."

"அப்பிடிப் பாத்தா நாங்கதான் முதல். வரி எங்கட ஊர்ப்பேரிலயே கிடக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். மரைக்காரின் முகம் சுருங்கியது. சுற்றிப் பார்த்தவரின் கண்ணில் நான் பட்டுவிட்டேன்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. வரிசை எண்டா மரியாதைதானே?"

எனக்கு உள்ளுக்குள் பயம். பேனையை மூடி வைத்தேன்.

"மரியாதையும்தான் மரைக்கார். அரசர்மார் ஆளுட தகுதி பாத்துக் குடுத்த சிறப்புக்கும் வரிசை எண்டுதான் பேர். கலியாணத்துக்குக் கொண்டுபோற தட்டுகளும் வரிசைதான். ஆனா எல்லாத்துக்கும் வேர் வரி எண்டுதான் நான் நினைக்கன். வரி எண்டா கோடு. புலிட முதுகில இரிக்கிற கோடு. முதல்ல ஆக்கள் கோட்டில நிண்டிருப்பாங்க. ஆருக்கு முந்திக் குடுக்கிற எண்ட கதை பிறகுதான் வந்திருக்கும்."

"அப்ப முதல்ல கோடு?"

"ஓம்."

விவசாயி மெதுவாகச் சொன்னார்: "தொழுகையில வரிசையா நிக்கிற சஃப்பும் அப்பிடித்தானே மரைக்கார்? முந்தி வந்தவன் முன்னுக்கு."

 மரைக்கார் திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஜும்மாவில நானே இதைத்தானே ஆக்களுக்குச் சொல்ற! சரி, கடைசி ஆள் எங்க நிக்கிறார்?"

பைக்கைத் திருப்பி, வழியில் கண்டவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு, கடைசிவரை தள்ளிக்கொண்டே போனார். எனக்கு மனம் இளகிவிட்டது.

பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகும் பெற்றோல் வரவில்லை; ஆனால் அவர் வீட்டிலிருந்து ஒரு பெரிய வாளி நிறைய சர்பத் வந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கோப்பை கோப்பையாக ஊற்றினார். ஆனால் வரிசையின் வால்பக்கத்திலிருந்து தொடங்கினார். எங்களிடம் வந்து சேரும்போது வாளியின் அடியில் சர்பத்தில் ஊறிய கசகசா விதைதான் மிச்சம். விவசாயி அதையும் விடவில்லை. கோப்பையைக் கவிழ்த்துத் தட்டித் தட்டிக் குடித்துவிட்டு, "நாளைக்கு நானும் கடைசியிலதான் நிப்பன்," என்றார்.