கொழுப்புத் தொட்டியும் வெந்நீரும்

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் என்ற மலாய்ச் சொல் எல்லார் வாயிலும் புழங்கிக்கொண்டிருந்த வருடம். எனக்கு ஒன்பது வயது. மலாக்காவின் காஜா பேராங்கில் அப்பாவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. கடைக்குப் பின்கட்டிலேயே நாங்கள் குடியிருந்தோம். பாத்திரம் கழுவும் தண்ணீர் நேராக லோங்காங்கில், அதுதான் தெருச் சாக்கடையில், போய் விழக்கூடாது என்று சுகாதார அதிகாரி சொல்லிவிட்டுப் போனதால், சமையல்கட்டுக்கு வெளியே செங்கல்லும் சிமெண்டும் வைத்து ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். கழுவிய தண்ணீர் அதில் இறங்கி ஆறும். ஆட்டுக்கறிக் கொழுப்பும் எண்ணெயும் மேலே கட்டியாக மிதக்கும். அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் மட்டும் சாக்கடைக்குப் போகும். கொழுப்புத் தொட்டி என்போம்.

அதைச் சுத்தம் செய்வது மாமாவின் வேலை. அம்மாவின் தம்பி, ரப்பர் எஸ்டேட்டில் மரத்தில் பால் வெட்டப் பிடிக்காமல் எங்களிடம் வந்து சேர்ந்தவர். சனிக்கிழமை காலையில் மூடியைத் திறந்து, ஓட்டை போட்ட தகரத்தால் கொழுப்பை வழித்து, சாம்பலில் பிசைந்து, கொல்லையில் குழிவெட்டிப் புதைக்க வேண்டும். பிறகு அடியில் தங்கிய சோற்றுச் சேற்றையும் அள்ள வேண்டும். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை இரண்டு நாளைக்குக் கையை விடாது. மாமாவோ சனிக்கிழமை பிற்பகலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பண்டார் ஹிலிர் கொட்டகைக்குப் படம் பார்க்கப் போகிறவர். அவருடைய துன்பம் இதுதான்.

ஒரு சனிக்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சொம்பு சொம்பாக மொண்டு என்னிடம் கொடுத்தார்.

"நீ ஊத்து பாப்பா. எண்ணெய் தானா உருகி ஓடிரும். உனக்கு ஐஸ் வாங்கித் தாரேன்."

ஊற்றினேன். கட்டிக் கொழுப்பு கண்முன்னே கரைந்து மறைந்ததைப் பார்த்து, மாமாவைப்போல் அறிவாளி மலாக்காவிலேயே கிடையாது என்று நினைத்தேன். மூன்று வாரம் இப்படியே நடந்தது. தொட்டியை எட்டிப் பார்த்த அப்பா, "இப்பத்தான் தம்பிக்கு வேலை பிடிபட்டிருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எங்கள் சாக்கடை பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகத்தான் போகும். அவர்கள் மலாக்கா செட்டிகள். நாங்கள் போகிற மாரியம்மன் கோயிலுக்கே அவர்களும் வருவார்கள். ஆனால் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள் என்பதால் தமிழை மறந்து மலாய்தான் பேசுவார்கள். அந்த வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். என்னைக் கண்டால் கொழுக்கட்டை கொடுப்பாள்.

நான்காவது சனிக்கிழமை அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல். விடியற்காலையிலிருந்தே கொல்லையில் மீன் கழுவுவதும் இலை துடைப்பதுமாக இருந்தார்கள். திடீரென்று சாக்கடை பொங்கியது. கறுப்புத் தண்ணீர் இலைகளைத் தூக்கிக்கொண்டு போனது. அதில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் மிதந்தன. வேலியருகே வந்த அக்காவின் அம்மா கோபப்படாமல், கலைந்து கிடந்த இலைகளைக் காட்டி, இனி எப்படிப் படைப்பது என்று மலாயில் கேட்டுவிட்டு அழுதாள்.

அப்பா ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்தார். எங்கள் தொட்டியில் தங்கியிருக்க வேண்டிய கொழுப்பு, சூட்டில் உருகி ஓடி, அவர்கள் கொல்லைச் சாக்கடையின் கல்மூடிக்கு அடியில் ஆறி உறைந்திருந்தது.

"வெந்நீர் ஊத்துனது யாரு?"

நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான் அத்தான்" என்றார் மாமா. என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாளைக்கே எஸ்டேட்டுக்குப் போயிரு. இங்க நீ வேணாம்."

மாமா படத்துக்குப் போட்டுக்கொள்ள எடுத்து வைத்திருந்த சட்டையை முன்கூட்டியே போட்டிருந்தார். அதைக் கழற்றக்கூட நிற்காமல் சாக்கடையில் இறங்கினார். குப்புறப் படுத்து, கல்மூடிக்கு அடியில் தோள்வரை கையை விட்டு, கொழுப்பைப் பாளம் பாளமாகப் பெயர்த்து எடுத்தார். பெரிய கட்டி ஒன்று அசையவே இல்லை. அப்போது அந்த அக்கா ஒரு மூங்கில் கழியோடு வந்தாள். மறுமுனையில் நின்று அவள் குத்த, இந்தப் பக்கம் மாமா இழுக்க, வெயில் ஏறும் நேரத்துக்குத் தண்ணீர் மடமடவென்று ஓடியது. முகமெல்லாம் சேறாக நிமிர்ந்த மாமாவைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள். அம்மாவும் நானும் கொல்லையைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கொடுத்தோம். வேறு இலை அறுத்து வந்து அன்றே படைத்தார்கள்.

சாயங்காலம் படையல் சோற்றோடு அக்காவின் அம்மா வந்தாள். பரவாயில்லை என்பதற்கு மலாயில் "தாக் அப்பா லா" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு, மாமாவை அனுப்பிவிட்டால் தங்கள் சாக்கடையை யார் பார்ப்பது என்று மலாயில் கேட்டாள். கடைசியில் மாமா எஸ்டேட்டுக்குப் போகவில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் எங்கள் தொட்டியைக் கையால் வழித்துச் சுத்தம் செய்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சாக்கடையையும் குத்திவிட வேண்டும் என்று தீர்ப்பானது.

நான் செய்ததற்கும் சேர்த்து அவர் தண்டனை அனுபவிக்கிறாரே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. என் பங்கு முறுக்கில் பாதியை அவருக்கு ஒதுக்கினேன். படத்துக்குப் போவதையும் விட்டுவிட்டார். பாவம், அந்தச் சாக்கடை வாராவாரம் அடைத்துக்கொண்டது. மாமா மதியம்வரை அங்கேயே கிடந்தார்.

ஒரு சனிக்கிழமை அதிகாலை வேலி இடுக்கில் பார்த்தேன். அந்த அக்கா, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைக் கை நிறைய அள்ளி, சாக்கடைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். மாவு சலித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அப்பாட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத." சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "இன்னொண்ணு. இனிமே அந்தப் பொண்ண அக்கான்னு கூப்பிடாத. அத்தைன்னு கூப்பிட்டுப் பழகு."

சாக்கடையை அடைத்ததற்கு இதெல்லாம் ஒரு தண்டனையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.