பஸ் முதுகில் எழுதிய படிப்பு

பாண்டிமீனாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். மூன்று வருடங்களாகத் தினமும் காலையில் எழுமலை பஸ் நிறுத்தத்தில் அப்படித்தான் நின்றாள். அவளை ஏற்றிப்போக வரும் காலேஜ் பஸ்ஸின் முதுகில், அங்கே என்னென்ன படிக்கலாம் என்று வரிசையாகப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். மூன்றாவது வரி, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அந்தக் காலேஜில் அப்படி ஒரு படிப்பே கிடையாது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்தச் சுரைக்காய் ஏட்டில்கூட இல்லை, பஸ்ஸில் இருந்தது.

சேரப் போன அன்று பிரின்சிபால் தேனாகப் பேசினார். "யுனிவர்சிட்டி அனுமதி வந்துரும்மா. அதுவரைக்கும் கணக்குல உக்காரு, அப்புறம் மாத்திவிடுறேன்." அனுமதி வரவில்லை, கணக்கு நிலைத்துவிட்டது. வேறு காலேஜுக்குப் போகலாம் என்றால் மதுரையில் ஹாஸ்டலில் விட வீட்டில் வசதியும் இல்லை, மனசும் இல்லை. ஊருக்குள் வந்து ஏற்றிப்போகிற பஸ் இது ஒன்றுதான்.

இதில் அப்பா அழகுமலையின் பெருமை வேறு. அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் காட்டில் கூலி வேலை. இவர்தான் பாடுபட்டு நிலம் வாங்கிப் பருத்தி போட்டவர். பஸ் வரும்போது டீக்கடையில் இருப்பவர்களிடம் கை நீட்டிக் காட்டுவார். "அந்தா எழுதியிருக்குல்ல, அதத்தான் எம்மக படிக்கிறா. சின்னவளையும் அதே பஸ்ஸுல ஏத்திவிட்டுருவேன்." சின்னவள் சரண்யாதேவி பிளஸ் டூ. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் உண்மையைச் சொல்லப் பாண்டிமீனாவுக்கு வாய் வராது.

காலேஜில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் ஒரு லேபையே நிரப்பிக் கொடுத்திருந்தார். எல்லாவற்றுக்கும் துணி போர்த்திக் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே! சாவி கேட்டால், "கணக்குப் படிக்கிற பிள்ளைக்கு லேப் எதுக்கு?" என்று துரத்துவார்கள். ஆயுத பூஜைக்கு மட்டும் கதவு திறக்கும். ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்து, மறுபடியும் பூட்டிவிடுவார்கள். பொட்டு வைக்கத் தெரிந்தவர்களுக்கு சுவிட்சைப் போடத் தெரியவில்லை.

அவள் போனில் பாடம் பார்த்துப் படித்தாள். சனிக்கிழமைகளில் மதுரை பழங்காநத்தத்துக்குப் போய், இம்மானுவேல் என்பவர் வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள். பதிலுக்கு, பரீட்சைக்கு விண்ணப்பிக்க வருகிறவர்களுக்கு ஆன்லைனில் பதிந்து கொடுத்தாள். அவர்களுடைய போட்டோவும் கையெழுத்தும் கேட்ட அளவுக்குள் அடங்காமல் இம்மானுவேல் தினமும் மல்லுக்கட்டுவார். அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். போட்டோவைக் கொடுத்தால் அதுவே சுருக்கித் தந்தது.

"எந்தக் காலேஜும்மா இம்புட்டுச் சொல்லித் தருது?" என்று கேட்டார் இம்மானுவேல். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். அவளுக்கு அழுகை முட்டியது.

மூன்றாம் வருடக் கடைசியில் ஒருவழியாக அனுமதிக்கான ஆய்வுக்குழு வந்தது. லேப் திறந்தது, துணிகள் பறந்தன. பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டார்.

"நீ நல்லா புரோகிராம் எழுதுவியாமே? முன்வரிசையில உக்காரு. அலைடு பாடமாக் கம்ப்யூட்டர் எடுத்துத் தினமும் லேபுக்கு வர்றோம், இந்த சார்தான் சொல்லித் தர்றாருன்னு சொல்லு. அனுமதி வந்துட்டா உன் தங்கச்சிக்குத்தான் முதல் சீட்டு."

அந்த சார் அன்று காலையில்தான் வந்து இறங்கியிருந்தார், கல்யாணத்துக்கு வாங்கிய இரவல் நகை மாதிரி. சாயந்திரம் திரும்பிப் போய்விடுவார். பூட்டு திரும்பி வந்துவிடும். தங்கை கையில் பெயருக்கு ஒரு பட்டம் இருக்கும், அவளும் வாசலில் நின்று சுண்டல் வாங்குவாள். பாண்டிமீனா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

குழுவில் வந்த பேராசிரியை ஒருவர் ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் புரோகிராம் எழுதச் சொன்னார். கேட்ட வேகத்தில் எழுதி ஓடவிட்டாள்.

"வெரி குட். இந்த லேப்லதான் படிச்சியாம்மா?"

பிரின்சிபால் சிரித்தபடி தலையாட்டினார். பாண்டிமீனா எழுந்தாள். எப்போதும் கோபத்தில் வராத பேச்சு அன்று வந்தது.

"இல்ல மேடம். இந்த லேபுக்குள்ள நான் கால் வைக்கிறதே இன்னைக்குத்தான். இந்த சார் பேருகூட எனக்குத் தெரியாது. பக்கத்துல இருக்குற கீபோர்டப் பாருங்க, கவரே பிரிக்கல. பஸ்ஸுல எழுதி எங்கள ஏமாத்துனாங்க, இப்ப எங்கள வச்சு உங்கள ஏமாத்துறாங்க."

அனுமதி கிடைக்கவில்லை. வருகிற படிப்பைக் கெடுத்தவள் என்று கூடப் படித்த பிள்ளைகளே ஏசினார்கள்.

அடுத்த வாரம் பஸ் வந்தபோது மூன்றாவது வரியின்மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தது. டீக்கடையிலிருந்து கை நீட்டிய அழகுமலை, நீட்டிய கையோடு எழுந்து வந்தார்.

"ஏத்தா, எழுத்து எங்க?"

"அந்தப் படிப்பு அங்க எப்பவுமே இல்லப்பா. நான் கணக்குதான் படிக்கிறேன். உங்ககிட்டச் சொல்ல மனசு வரல."

"அப்ப போட்டோவச் சுருக்குற மாதிரி ஏதோ எழுதுனேன்னியே, அது?"

"அது நானாப் படிச்சது."

அவர் விறுவிறுவென்று நடந்து பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். "அண்ணே, நேரமாகுது, வழிய விடுங்கண்ணே!"

"ஓங்கிட்டச் சண்டை இல்லப்பா. அந்தப் பிரின்சிபாலுக்குப் போனப் போடு. எம்மகள மூணு வருசம் காக்க வச்ச மனுசன் இங்க வந்து எனக்குப் பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த வண்டி நகராது."

பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்த பாண்டிமீனா இறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.