இருட்டுக் கோயிலில் இருபது விநாடி

லிங்கி ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஒரு சின்ன மாதா கோயில். அந்த நிலத்தில் வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது. யாரும் வராத கட்டடம்தானே, இடித்துவிடலாம் என்று நிர்வாகம் எழுதிவிட்டது. கோயில் கமிட்டிச் செயலாளர் அந்தோணி போன மாதம் எனக்குப் போன் செய்தார்.

“அண்ணே, நாங்க அப்பீல் போடப் போறோம். உள்ள எடுத்த படம் வேணும். உங்ககிட்டதான் பெரிய கேமரா இருக்கு லா.”

பெரிய கேமரா! அந்த ஒரு சொல் போதாதா?

ஞாயிறு காலை எட்டே காலுக்கெல்லாம் போய்விட்டேன். (நேரத்தைக் குறித்து வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.) உள்ளே நல்ல இருட்டு. இரண்டே ஜன்னல், வெளியே நெருக்கமாகச் செம்பனை மரங்கள். பீடத்தின் மேல் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.

ஃபிளாஷ் கூடவே கூடாது — அது காட்டுமிராண்டித்தனம். கேமரா முக்காலியை ஊன்றி, ஷட்டரை இருபது விநாடி திறந்து வைக்க வேண்டும். நான் படித்த புகைப்படப் புத்தகங்களில் பேராலயங்கள் எல்லாம் அப்படி எடுத்தவைதான். தூண் இருக்கும், வளைவு இருக்கும், ஒளி இருக்கும். மனிதன்? மருந்துக்கும் கிடையாது... கொள்ளைநோய் வந்து ஊரே காலியான மாதிரி.

ஜெபம் முடிந்ததும் எழுந்து அறிவித்தேன். “எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. ஃபிரேம் சுத்தமா இருக்கணும்.”

எஸ்டேட்டை விட்டுச் செண்டாயானுக்கும் தெமியாங்குக்கும் குடிபோனாலும் ஞாயிறு தவறாமல் வருகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், சக்கர நாற்காலி அங்கிள் — எல்லாரும் வெயிலில் போய் நின்றார்கள். முக்கால் மணி நேரம்!

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ரோசலின் அக்கா மட்டும், ஷட்டர் திறந்திருக்கும்போதே விடுவிடுவென்று குறுக்கே நடந்தார்.

“பிள்ளையோட பால் போத்தல் உள்ள கெடக்கு. பசிச்சு அழுதா நீங்களா சமாதானம் பண்ணுவீங்க?”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கேமராத் திரையைப் பெருமையோடு காட்டினேன். “பாருங்க, இருபது விநாடியில நீங்க நடந்தது பதியவே இல்ல. மறைஞ்சிட்டீங்க.”

“நாலு பிள்ள பெத்து வளத்தவ நானு. அவ்ளோ லேசா மறைய மாட்டேன்ணே.”

படங்கள் பிரமாதம். அந்தோணி அசந்துவிட்டார். “ஐரோப்பா கத்தீட்ரல் மாதிரி இருக்கு லா!” ஒன்பதையும் அப்பீலோடு அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. ஒன்பது படங்களிலும் ஒருவர்கூட இல்லையாம். கட்டடம் பயன்பாட்டில் இல்லை என்பது இதனாலேயே உறுதியாகிறதாம்.

ஒரு ஞாயிறுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத நிர்வாகத்துக்கு நான் போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறேன் — அதுவும் உயர்ந்த தரத்தில்! புல்டோசர் வருவதற்கு முன்பே ஆட்களை அப்புறப்படுத்தியவன் வேறு யார்?

அடுத்த ஞாயிறு என் முக்காலி ஓரமாக மடங்கிக் கிடந்தது. ரோசலின் அக்கா தன் கைப்பேசியை உயர்த்தினார்.

“யாரும் வெளிய போகக் கூடாது! அண்ணே, அங்க என்ன முழிக்கிறீங்க? நீங்களும் உள்ள வாங்க. ஒரு தலை கூடும்ல.”

பளிச்!

படம் கோணல். பீடம் பாதிதான் தெரிகிறது. எல்லார் கண்ணும் சிவப்பு. முன் வரிசையில் ஒரு குழந்தை மூக்கை நோண்டுகிறது. அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். நேரில் வந்து பார்க்கும்வரை கட்டடத்தைத் தொடமாட்டோம் என்று நேற்று பதில் வந்திருக்கிறது.

அந்தப் படத்தில் மூன்றாவது வரிசையில் நானும் இருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு. பக்தி என்று நினைத்துவிடாதீர்கள்... ஃபிளாஷ்.