மல்லாவியில் ஜூராக் கவாத்து

பிரான்சில் எங்கே இருந்தாய் என்று கேட்பவர்கள் பாரிஸ் என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். ஜூரா என்றால் முகம் சுருங்கிவிடும். சுவிஸ் எல்லையோரம் கிடக்கிற சின்ன வைன் பிரதேசம் அது. பதினொரு வருடம் அங்கே திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்துப் பண்ணினேன். குளிர்காலத்தில் பழைய கொடிகளை வெட்டிக் கழிக்கிற வேலை. பூல்சார் என்ற இனத்துக்குத் தோல் மெல்லிசு, அழுத்திப் பிடித்தாலே கசியும். த்ரூசோவுக்குச் சூடேறும் சரளை மண் வேண்டும். சவன்யான் கடைசியாகத்தான் பழுக்கும். அதில் செய்கிற மஞ்சள் வைனை ஆறு வருடத்துக்கு மேல் பீப்பாயில் தொடாமல் விடுவார்கள். இதையெல்லாம் மல்லாவியில் யாருக்குச் சொல்ல? எங்கள் ஊரில் திராட்சைக்கு முந்திரிகை என்று பெயர். கடைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "முந்திரிகைத் தோட்டத்திலை நிண்டனியள், நல்லாக் குடிச்சிருப்பியள் என்ன?"

குளிரில் விரல் விறைக்க நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது!

கல்யாணம் முடித்து ஆறாம் மாதம் போனவன் நான். அகதி வழக்கு இழுபட்டு நிராகரிக்கப்பட்டது. மனைவியைக் கூப்பிடவும் முடியவில்லை, வந்து பார்க்கவும் முடியவில்லை. போன வருடம் ஒரேயடியாகத் திரும்பிவிட்டேன். அத்தனை காலமும் ஒவ்வொரு நாளும் அவள்தான் எனக்குப் போன் எடுப்பாள். இங்கே பகல் பதினொரு மணி, அங்கே நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம். முதல் கேள்வி எப்போதும் "சாப்பிட்டியளோ?" பிறகு அவள் பக்கம் ஊர்க்கதை, என் பக்கம் கொடிக்கதை. சவன்யான் இன்னும் பழுக்கேல்லையோ என்று அவளே விசாரிப்பாள்.

நேரில் வந்த பிறகு கதை நின்றுவிட்டது. சோற்றை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள். நான் கதிரையில் இருந்தபடியே இருப்பேன். ஜூராவில் ஒற்றை அறையில் கிடந்தபோதுகூட இவ்வளவு தனிமை எனக்கு இருந்ததில்லை. அவள் பழையபடி என்னோடு கதைக்கவேண்டும், வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

முற்றத்தில் பந்தல் போட்டு அவள் ஒரு முந்திரிகைக் கொடி வளர்த்திருந்தாள். ஒரே இலைக்காடு. பழம் என்று பார்த்தால் நாலைந்து புளிப்புக் குலைகள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதானே, நல்ல பழமாகக் காய்க்கப் பண்ணிக் காட்டினால் மனம் இளகுவாள் என்று நினைத்தேன். அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, ஜூராவில் வெட்டுவது போலவே வெட்டினேன். ஒரு நீளத் தண்டு, இரண்டு துளிர்க்கண் வைத்த ஒரு குட்டைத் தண்டு, மிச்சம் எல்லாம் நிலத்தில். பந்தலில் கம்பிதான் மிஞ்சியது. என் கைவேலையைப் பார்த்து எனக்கே பெருமை, மடையன்!

அவள் சந்தைப் பையோடு வாசல் படலையிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன செய்து வச்சிருக்கிறியள்?"

"வெட்டினாத்தான் காய்க்கும்."

"பழத்துக்கோ நான் உந்தக் கொடியை வச்சனான்? உந்த நிழலுக்கை இருந்துதான் உங்களோடை போனிலை கதைக்கிறனான். பதினொரு வருசம் நான் இருந்த இடத்தை ஒரு காலமைக்குள்ளை வெட்டிப் போட்டியள்."

பை கையில் இருக்க உள்ளே போனாள். சித்திரை வெயில் வெறும் முற்றத்தில் எறித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூராவில் மாசியில் வெட்டினால் சித்திரையில்தான் கண் திறக்கும். இந்தச் சூட்டில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? பட்டுப்போனால் என் கதையும் அதோடு சரி. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். நான் அறைக்குள் இருந்தேன். போன் அடித்தது. மனைவியின் இலக்கம். யன்னலால் எட்டிப் பார்த்தேன். இலையில்லாத பந்தலின் கீழே கதிரையைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். மணி பதினொன்று.

"சாப்பிட்டியளோ?"

"இன்னும் இல்லை."

"கொடி துளிர் விட்டிருக்கு. ரெண்டு தண்டிலையும்."

வெளியே ஓடிப்போகத்தான் மனம் சொன்னது. ஓடினால் போனை வைத்துவிடுவாளோ என்று பயம். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"அங்கை வெயிலோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றாள். "இங்கை சரியான வெயில்."