வாசலில் சொல்லும் சொல்

ஆடி அமாவாசைக்கு எங்கள் குடும்பம் மயிலிட்டியில் என் வீட்டில்தான் கூடும். அப்பாவின் படம் இங்கே இருக்கிறது, கீரிமலையும் கிட்ட. பெரியண்ணை காலையில் கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடி, அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வருவார். அதற்குள் நாங்கள் மரக்கறிச் சமையலை முடித்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். செத்தவர்களுக்குப் படைக்கும் இலையில் காத்தோட்டிக்காய்க் கறி கட்டாயம். இந்த ஒரு நாளுக்காக மட்டும் சனம் தேடித் திரியும் கசப்பான காய் அது. நான் முதல் நாளே சுன்னாகம் சந்தையில் வாங்கி வைத்துவிடுவேன்.

இந்த வருடம் பெரியண்ணை புறப்படும்போது வெளிவாசல் படலையடியில் நின்றுகொண்டு, குசினி வாசலில் நின்ற சின்னண்ணிக்குக் கேட்கும்படி சொன்னார்.

"இந்தமுறை தம்பிக்கும் ஒரு இலை போடுவம். ரண்டு வருசமாச்சு."

தம்பி என்றது என் சின்னண்ணையை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் கரையொதுங்கியது. சின்னண்ணி இன்றுவரை பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. கடல் கண்ணில் படாத இடம் வேண்டும் என்று, யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் இருந்த உரும்பிராய் வீட்டுக்கே மகளோடு போய்விட்டார்.

"அவர் போறன் எண்டு சொல்லிப் போன ஆளில்லை, அத்தான்" என்றார் சின்னண்ணி. "போட்டு வாறன் எண்டு சொல்லிப் போன மனுசன். உயிரோடை இருக்கிறவருக்கு ஆரும் படைப்பினமோ?"

போய்விட்டு வருகிறேன் என்பதைத்தான் நாங்கள் போட்டு வாறன் என்போம்; போறன் என்றால் திரும்பாத போக்கு. பெரியண்ணை வாதாடவில்லை. "நான் வரேக்கை இலை கிடந்தால் படைப்பன். இல்லாட்டி விடுவம். உன்ரை விருப்பம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

சின்னண்ணையின் மகள் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். இந்தப் பக்கத்து வாத்தியார் ஒருவரிடம் டியூசனுக்காகச் சனி, ஞாயிறு என் வீட்டில் தங்குவாள். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள் பார்ப்பதுதான் அவளுடைய ஒரே பொழுதுபோக்கு. அதைக் கண்டாலே தாய்க்கு ஆகாது. ஆகவே அவள் அதை இங்கே வந்துதான் பார்ப்பாள். முதலில் நான் எட்டிப் பார்த்தேன். பிறகு இயர்போனில் ஒன்றை என்னிடம் தந்தாள். பிறகு நான் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். சண்டைப் படங்கள் எனக்குச் சரிவராது. ஒருத்தி கரட் வெட்டுவதையும், மழையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதையும் அவசரப்படாமல் காட்டுவார்களே, அவைதான் எனக்கு. எதைப் பார்த்தோம், எதில் நிறுத்தினோம் என்று என் நாட்குறிப்பில் எழுதி வைப்பேன். ஐம்பது வயதில் இப்படி ஒரு ருசி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அவள் அந்தச் சொல்லைக் காட்டினாள்.

"மாமி, கவனியுங்கோ. வெளிக்கிடேக்கை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு 'இத்தேகிமாஸ்' எண்டு சொல்லுறாள். கீழை இங்கிலீசிலை போறன் எண்டுதான் போடுவாங்கள். அது பிழை. போட்டு வாறன் எண்டதுதான் சரி. உள்ளுக்கை இருக்கிறவையும் போட்டு வா எண்டு பதில் சொல்லோணும். அப்பிடியே எங்கடை பழக்கம்."

சொல்லிவிட்டுப் படத்தை நிறுத்தினாள். தகப்பன் கடைசியாகப் புறப்பட்டபோது காதில் வயரோடு அனிமே பார்த்துக்கொண்டிருந்ததையும், பதில் சொல்லாததையும் அன்றுதான் எனக்குச் சொன்னாள். தாய்க்கு ஏன் அனிமே ஆகாது என்பதும் அன்றுதான் விளங்கியது.

ஆடி அமாவாசைக்கு வருவோம். பெரியண்ணை போன பிறகு சின்னண்ணி குசினியில் காத்தோட்டிக்காயை வெட்டத் தொடங்கினார். அவருடன் யாரும் கதைக்கவில்லை. பருப்பு அவியும்வரை பெரியண்ணியும் அவர் மகனும் கூடத்தில் சும்மா இருந்தார்கள். பெரியண்ணியின் மகன் தொலைக்காட்சிப் பெட்டியைப் போட்டு, "தங்கச்சி, உன்ரை ஜப்பான்காரரைக் கொஞ்சம் காட்டு பாப்பம்" என்றான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். வீட்டில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளரட்டும் என்று நினைத்தேன்.

"உதென்ன பிள்ளை, கண் ஒவ்வொண்டும் சோத்துக்கோப்பை அளவிலை கிடக்கு?" என்றார் பெரியண்ணி.

"கண்ணைப் பாக்காதேங்கோ பெரியம்மா, கதையைப் பாருங்கோ."

"பாஷை விளங்காமல் என்னத்தைப் பாக்கிறது?"

அவள் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு வசனத்தையும் எங்கள் தமிழில் சொல்லத் தொடங்கினாள். தாய்க்கு ஒரு குரல், மகளுக்கு ஒரு குரல், கடைக்காரக் கிழவனுக்கு மூக்கால் ஒரு குரல். பெரியண்ணி சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"அடியே, உவள் எங்கடை பெட்டையள் மாதிரியெல்லே கதைக்கிறாள்!"

"துறைமுகத்தடியிலை எந்த வீடெண்டு கேளுங்கோ அம்மா, பொம்பிளை கேட்டுப் போவம்" என்றான் மகன்.

கதையில் அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டாள். வாசலில் சப்பாத்தைப் போட்டாள். பிறகு ஏதோ நினைத்து மறுபடி உள்ளே வந்து, சுவரோரம் இருந்த சிறிய மாடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். மாடத்தில் ஒரு ஆணின் படம், ஒரு கிண்ணம் சோறு, புகையும் குச்சி.

என் மருமகளின் குரல் இறங்கியது. "போட்டு வாறன் அப்பா" என்று சொன்னாள். கீழே இருந்ததை அப்படியே வாசித்திருந்தால் "போறன்" என்றுதான் வந்திருக்கும். அவள் சரியானதைச் சொன்னாள்.

"உவள் ஆருக்குச் சொல்லுறாள்?"

கத்தியோடு சின்னண்ணி கூடத்து வாசலில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"தகப்பனுக்கு, அம்மா."

"தகப்பன் எங்கை?"

"படத்திலை."

"நிப்பாட்டு."

அவள் நிறுத்தினாள். சின்னண்ணி அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "படத்துக்குச் சொல்லுறதை எல்லாருக்கும் வடிவாச் சொல்லிக் காட்டுறாய். அண்டைக்கு மனுசன் உயிரோடை முன்னாலை நிண்டு போட்டு வாறன் எண்டு சொல்லேக்கை உனக்கு வாய் வரேல்லை. இந்தப் பொம்மையளைத்தானே பாத்துக்கொண்டிருந்தனீ!"

பெரியண்ணியின் மகன் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியண்ணி, "விடு பிள்ளை, நல்ல நாளும் அதுவுமா" என்றார்.

"ஓம் அம்மா. நான் சொல்லேல்லை" என்றாள் மகள். அழவில்லை. "காதிலை வயர் கிடந்தது. அப்பாடை வாய் அசைஞ்சதைக் கண்டனான். என்ன சொன்னவர் எண்டு எனக்குக் கேக்கேல்லை. நீங்கள் கிணத்தடியிலை நிண்டனீங்கள். அவர் போட்டு வாறன் எண்டு சொன்னதை ஆரம்மா கேட்டது?"

நான் இரண்டு வருடமாக அந்த வசனத்தைச் சின்னண்ணியின் வாயிலிருந்து கேட்டு வருகிறேன். பொலிசுக்கு அதைச் சொன்னார், சாத்திரிக்கு அதைச் சொன்னார், அன்று காலையும் அதையே சொன்னார். அதைக் கேட்டது யார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

"அவர் வேறை என்ன சொல்லப்போறார்?" என்றார் சின்னண்ணி. மிக மெதுவாகத்தான் சொன்னார். குசினிக்குத் திரும்பிப் போனார்.

பெரியண்ணை ஈரத் தலையோடு வந்தபோது அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு இலைதான் கிடந்தது. அவர் தேவாரம் பாடிப் படைத்து, காகத்துக்கும் வைத்தார். ஆனால் நாங்கள் சாப்பிட இருந்தபோது பந்தியின் கரையில் ஒரு இலை மிச்சமாக இருந்தது. சின்னண்ணி அதில் சோறு போட்டு, கறிகளை ஒவ்வொன்றாக வைத்தார். காத்தோட்டிக்காயை மட்டும் வைக்கவில்லை. பெரியண்ணை அந்த இலையைப் பார்த்தார், பிறகு தன் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பெரியண்ணி அந்த இலைக்கு எதிரே இருந்து ஈயைத் துரத்திக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எழும்பிக் கை கழுவிய பிறகும் அது அப்படியே இருந்தது.

பின்னேரம் உரும்பிராய்க்குப் போக ஓட்டோ வந்தது. சின்னண்ணி என்னிடம் சொல்லிக்கொண்டு படலைக்குப் போய்விட்டார். மகள் செருப்பைப் போட்டாள். பிறகு கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்து, அந்த இலைக்கு முன்னால் நின்றாள்.

"போட்டு வாறன் அப்பா."

போட்டு வா என்று பதில் சொல்வது வழக்கம். என் வாய் திறக்கவில்லை. படலையடியில் சின்னண்ணி திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கேட்டிருக்கும், கூடத்திலிருந்து படலைவரை நேரே கேட்கும். ஓட்டோவில் ஏறி, மகளுக்கு இடம் விட்டு அந்தக் கரைக்கு ஒதுங்கி இருந்தார்.

அவர்கள் போன பிறகு அந்த இலை என் பொறுப்பாயிற்று. படைத்த சோறென்றால் காகத்துக்கு வைக்கலாம். பிந்தி வருகிறவருக்கு வைத்ததென்றால் மூடி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிற எனக்கு இதற்கு ஒழுங்கு தெரியவில்லை. ஒரு சோற்றுக்கோப்பையால் மூடிக் குசினி மேசையில் வைத்தேன்.

காலையில் சோறு ஊசிப்போய் மணத்தது. கிணற்றுக் கட்டில் காகங்கள் நின்றன. அவற்றுக்குப் போட மனம் வரவில்லை. தேசிமரத்தடியில் ஒரு சின்னக் குழி வெட்டி, இலையை நாலாக மடித்து உள்ளே வைத்து, மண்ணைத் தள்ளி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டிச் சமப்படுத்தினேன். கை கழுவக் கிணற்றடிக்குப் போய் வாளியைப் பிடித்த பிறகுதான் உயிரோடு இருக்கிறவருக்கென்று வைத்த இலையைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

சின்னண்ணி அந்தச் சோற்றை என்ன செய்தேன் என்று இன்னும் கேட்கவில்லை.