பச்சைக் கட்டத்துக்குள் அப்பா

கேமராவில் தெரியும் முகங்களைக் கண்டுபிடிக்கும் ஒரு கம்ப்யூட்டர் விஷன் லைப்ரரியை இன்று மடிக்கணினியில் நிறுவினேன். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடைக்காரர், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் புரோகிராம் கேட்டிருக்கிறார்.

என் மடிக்கணினியில் பைத்தான் என்ற நிரல்மொழி இரண்டு பதிப்புகளாக இருக்கிறது; நிறுவியது ஒரு பைத்தானில், ஓட்டியது இன்னொரு பைத்தானில். அதைக் கண்டுபிடிப்பதற்குள் காலைப் பொழுதே போய்விட்டது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் நடந்திருக்கும்.

ஒருவழியாகக் கேமரா திறந்தது. என் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் விழுந்தது. பின்னால் வந்து எட்டிப் பார்த்த அம்மாவுக்கும் ஒன்று.

அம்மா திரையை உற்றுப் பார்த்தார்.

"அப்பாவுக்கு ஏன்டா போடல?"

எங்களுக்குப் பின்னால் சுவரில், போன வருடம் தவறிப்போன அப்பாவின் படம்.

"மாலை மறைக்குதும்மா. மூக்கு, வாய் எல்லாம் தெரிஞ்சாதான் அது கண்டுபிடிக்கும் லா."

அம்மா போய் மாலையை ஒதுக்கினார். உடுத்தியிருந்த கஃப்தான் முனையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். விலகித் திரும்பி நின்றதும் அப்பாவின் முகத்திலும் கட்டம் விழுந்தது. திரையின் ஓரத்தில் எண் மூன்றாக மாறியது.

"இரு இரு, அசையாத!" என்று ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மூணு பேரும் இருக்கோம்ல, ஒரு படம் எடு."

எடுத்தேன்.

சுவரில் மாட்டிய படத்தை ஆள் என்று எண்ணுவது பிழைதான். கடைக்காரரிடம் கொடுப்பதற்குள் திருத்தியாக வேண்டும். வழி தெரிந்த நண்பர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

அவசரமில்லை.